குக்கீயைப் பலகாரம் என்று நம்பிய கணினி: இணையத்தைப் படித்துத் தகவல் கற்பது எப்படி?

2024 மே மாதம் கூகுள் தேடல் பக்கத்தின் உச்சியில், செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்க விடைகள் அமெரிக்காவில் வரத் தொடங்கின. சில நாட்களிலேயே ஊர் சிரித்தது. பீட்சாவில் சீஸ் ஒட்டாமல் வழுக்குகிறதே என்று கேட்டவருக்கு, சாஸில் கொஞ்சம் நச்சில்லாத பசையைக் கலக்கச் சொல்லி விடை வந்தது. ரெடிட் என்ற இணைய அரட்டைத் தளத்தில் பத்து வருடங்களுக்கும் முன்னால் யாரோ அடித்த ஜோக் அது. தினம் ஒரு சிறு கல்லாவது சாப்பிடுங்கள் என்று இன்னொரு விடை. அதன் மூலம் 'தி ஆனியன்' என்ற நையாண்டிப் பத்திரிகை.

"இணையம் முழுவதையும் படித்த இயந்திரத்துக்கு இதுகூடவா தெரியாது?" என்பதுதான் அப்போது பலரும் கேட்ட கேள்வி. கவனித்துப் பார்த்தால், இயந்திரம் படித்ததில் பிழை இல்லை. பக்கத்தில் இருந்ததைத்தான் சொன்னது. படித்ததில் எதை நம்புவது என்பதில்தான் கோளாறு. இது நேற்று முளைத்த பிரச்சினையும் இல்லை, முப்பது வருடங்களாக ஆராய்ச்சியாளர்களைப் படுத்தி வருவது. அதை அடியிலிருந்து பார்ப்போம்.

கணினிக்குத் 'தகவல்' என்றால் என்ன?

"பிட்ஸ்பர்க் நகரம் பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கிறது." நமக்கு இது ஒரு வாக்கியம். கணினி இதை மூன்று துண்டுகளாக வைத்துக்கொள்ளும்: பிட்ஸ்பர்க், இருக்கும் மாநிலம், பென்சில்வேனியா. இரண்டு பொருள்கள், நடுவில் ஓர் உறவு. இப்படிக் கோடிக்கணக்கான வரிகளை எழுதி வைத்த பேரேட்டுக்கு அறிவுத்தளம் என்று பெயர். பேரேட்டில் என்னென்ன வகைகள் உண்டு (நகரம், நிறுவனம், விளையாட்டு வீரர்), என்னென்ன உறவுகள் உண்டு (பிறந்த ஊர், தலைநகர், ஆடும் அணி) என்பதை முன்கூட்டியே வகுத்து வைப்பது அதன் சட்டகம்.

பேரேட்டை யார் நிரப்புவது? முதலில் மனிதர்களே உட்கார்ந்து நிரப்பினார்கள். டக்ளஸ் லெனட் 1984-இல் தொடங்கிய 'சைக்' திட்டம் அப்படிப்பட்டது. உலகத்தைப் பற்றிய சாதாரணப் பொது அறிவை ஆட்களை வைத்து வரிவரியாக எழுதினார்கள். பத்தாண்டுகள் பல ஓடியும் வேலை முடியவில்லை. பிறகு வந்த 'ஃப்ரீபேஸ்' யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று கதவைத் திறந்து வைத்தது. அதை 2010-இல் கூகுள் வாங்கியது. ஆனாலும் அதில் இருந்த மனிதர்களில் 71 சதவீதம் பேருக்குப் பிறந்த ஊர் என்ற கட்டம் காலியாக இருந்தது என்று கூகுள் ஆய்வாளர்களே 2014-இல் எழுதினார்கள்.

இத்தனைக்கும் அந்த ஊர்ப் பெயர்களில் பெரும்பகுதி இணையத்தில் எங்கோ ஒரு வாக்கியத்தில் கிடந்திருக்கும். ஆள் வைத்து எழுதி மாளாது, கணினியே படித்து எடுத்துக்கொள்ளட்டும் என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கிறது.

'போன்ற' என்ற சொல் செய்யும் வேலை

"மல்லிகை, முல்லை, நந்தியாவட்டை போன்ற பூக்கள்." நந்தியாவட்டையைக் கண்ணால் பார்க்காதவருக்கும் இதைப் படித்தவுடன் அது ஒரு பூ என்று புரிந்துவிடும். அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. 'போன்ற' என்ற சொல்லே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இந்தச் சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டு 1992-இல் மார்ட்டி ஹெர்ஸ்ட் என்ற கணினி ஆய்வாளர் ஒரு கட்டுரை எழுதினார். ஆங்கிலத்தில் இதற்கு ஈடான தொடர்களைப் பட்டியலிட்டு, பெரிய உரைத்தொகுப்பில் அவை வரும் இடங்களையெல்லாம் கணினியைத் தேடச் சொன்னால், எது எந்த வகை என்ற தகவல் தானாகக் கொட்டும் என்று காட்டினார். இலக்கணத்தை முழுசாக அலச வேண்டாம், வாக்கியத்தின் பொருளும் புரிய வேண்டாம். இதை 'வாக்கிய அச்சு' என்று அழைப்போம். முறுக்கு அச்சில் எந்த மாவைப் போட்டாலும் அதே வடிவத்தில்தான் பிழிந்து வரும் அல்லவா, அதுபோல.

ஒரு சிறு விலகல். ஆங்கிலத்தில் 'பூக்கள்' முன்னால் வரும், பெயர்கள் பின்னால் வரிசை கட்டும். தமிழில் தலைகீழ். அதோடு 'மதுரையில்', 'மதுரைக்கு', 'மதுரையிலிருந்து', 'மதுரையும்' எல்லாம் ஒரே ஊர் என்பது நமக்குத் தெரியும். வேற்றுமை உருபைக் கழற்றத் தெரியாத கணினிக்கு அவை நான்கு தனித்தனிச் சொற்கள். கீழே சொல்லப்போகும் முயற்சிகள் ஆங்கிலத்தில் நடந்தவை என்பதால் இந்தத் தலைவலி அவர்களுக்கு அதிகம் இல்லை.

ஐந்து புத்தகங்களில் தொடங்கிப் பதினைந்தாயிரம்

ஹெர்ஸ்ட் அச்சுகளைக் கையால் எழுதினார். அச்சையும் கணினியே கண்டுபிடித்தால்? செர்கே பிரின் 1998-இல் அதைச் செய்து பார்த்தார். அதே வருடம்தான் அவரும் லாரி பேஜும் கூகுளைத் தொடங்கினார்கள். அவர் செய்த விதம் இது:

1. ஐந்தே ஐந்து புத்தகங்களின் பெயரையும் ஆசிரியரையும் கணினிக்குக் கொடுத்தார். இவற்றுக்கு 'விதை' என்று பெயர்.
2. புத்தகமும் அதன் ஆசிரியரும் பக்கத்தில் பக்கத்தில் வரும் இடங்களை இணையப் பக்கங்களில் தேடச் செய்தார். 199 இடங்கள் கிடைத்தன.
3. அந்த இடங்களில் இரண்டு பெயர்களுக்கும் முன்னால், நடுவில், பின்னால் என்ன எழுத்துகள் இருந்தன என்று ஒப்பிட்டுக் கணினி அச்சு வார்த்தது. மூன்று அச்சுகள் தேறின.
4. அவற்றை மறுபடி பக்கங்கள் மேல் ஓட்டினார். 4,047 புத்தகங்கள் வந்து விழுந்தன.
5. அவற்றையே புது விதையாக்கி, இரண்டாவது படியிலிருந்து மீண்டும்.

சில சுற்றுகளில் பட்டியல் பதினைந்தாயிரத்தைத் தாண்டியது. கேட்க மாயாஜாலம் மாதிரி இருக்கும். ஆனால் ஐந்தாம் படியில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. தவறான ஒரு ஜோடி உள்ளே புகுந்தால் அதிலிருந்து தவறான அச்சு பிறக்கும். அந்த அச்சு நூறு தவறான ஜோடிகளைக் கொண்டுவரும். நகரங்களின் பட்டியலாகத் தொடங்கியது நாலு சுற்றுக்குப் பிறகு நாடு, ஆறு, ஹோட்டல் என்று எங்கெங்கோ போய்விடும். ஆய்வாளர்கள் இதைப் 'பொருள் நழுவல்' என்ற அர்த்தத்தில் குறிப்பிடுவார்கள்.

நெல்: நிறுத்தாமல் படித்த இயந்திரம்

நழுவலைத் தடுப்பதற்கென்றே வடிவமைத்தது போல வந்தது கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் திட்டம். பிட்ஸ்பர்க்கில் டாம் மிட்செல் தலைமையிலான குழு 2010 ஜனவரியில் அதை ஓட விட்டது. 'முடிவில்லா மொழிக் கற்றல்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'நெல்' என்று வரும். விதை போட்டு வளர்க்கும் திட்டத்துக்குத் தமிழில் இதைவிடப் பொருத்தமாகப் பெயர் அமைந்திருக்காது. அவர்களுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

123 வகைகள், 55 உறவுகள், ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து விதைகள், படிக்க 50 கோடி இணையப் பக்கங்கள். இரவு பகலாக ஓட வேண்டியது, நேற்றைவிட இன்று நன்றாகப் படிக்க வேண்டியது. அவ்வளவுதான் உத்தரவு.

நெல்லுக்குள் ஒரே விஷயத்தை வெவ்வேறு கோணத்தில் பார்க்கும் நான்கு பேர் இருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்:

1. முதலாமவர் வாக்கிய அச்சுகளைப் பார்ப்பவர். 'இன்ன ஊரின் மேயர்' என்று வந்தால் அந்த 'இன்ன' ஒரு நகரம்.
2. இரண்டாமவர் பக்கத்தில் இருக்கும் பட்டியல்களையும் அட்டவணைகளையும் பார்ப்பவர். தெரிந்த நாலு நகரங்கள் இருக்கும் பட்டியலில் ஐந்தாவதும் நகரமாகத்தான் இருக்கும்.
3. மூன்றாமவர் சொல்லின் முகத்தைப் பார்ப்பவர். ஆங்கிலத்தில் 'வில்', 'பர்க்' என்று முடியும் பெயர்கள் ஊராக இருக்க வாய்ப்பு அதிகம்.
4. நான்காமவர் ஏற்கெனவே கற்றதிலிருந்து ஊகிப்பவர். ஒரு வீரர் ஓர் அணிக்கு ஆடுகிறார், அந்த அணி ஒரு லீகில் ஆடுகிறது என்றால் வீரரும் அந்த லீகில்தான் ஆடுகிறார்.

இவர்களுக்கு மேலே பூட்டுகள் போட்டிருந்தார்கள். ஒன்று நகரம் என்று முடிவானால் அது ஆளாக இருக்க முடியாது. 'தலைமைச் செயல் அதிகாரி' என்ற உறவின் ஒரு பக்கம் ஆள், மறுபக்கம் நிறுவனம் இருந்தே ஆக வேண்டும். நாலு பேரில் ஒருவர் மிக உறுதியாகச் சொன்னாலோ, ஒருவருக்கு மேற்பட்டவர் ஒத்துச் சொன்னாலோ, பூட்டுகளும் தடுக்காவிட்டால்தான் ஒரு தகவல் பேரேட்டில் ஏறும். ஒன்றை மட்டும் தனியாகக் கற்பதைவிட நூற்றுக்கணக்கான விஷயங்களைச் சேர்த்துக் கற்பது சுலபம், ஏனென்றால் அவை ஒன்றையொன்று கண்காணிக்கும். இந்தத் திட்டத்தின் உயிர்நாடி இதுதான்.

சரி, பலன்? முதல் 67 நாட்களில் 2,42,453 தகவல்கள். மாதிரி எடுத்துச் சோதித்ததில் ஏறத்தாழ 74 சதவீதம் சரி. மோசமில்லை என்று தோன்றும். ஆனால் அந்த 67 நாட்களை மூன்றாகப் பிரித்து அவர்களே தந்த கணக்கைப் பாருங்கள்: முதல் பகுதியில் கற்றதில் 90 சதவீதம் சரி, நடுப்பகுதியில் 71, கடைசிப் பகுதியில் 57. சராசரியைப் பார்த்தால் நல்ல மாணவன், கடைசியாகக் கற்றதை மட்டும் பார்த்தால் காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம் மேல். இணையத்தில் ஆயிரம் தடவை வரும் சுலபமான தகவல்கள் முதலில் தீர்ந்துவிடுகின்றன. மிச்சம் அரிதானவை, குழப்பமானவை. அதோடு முதலில் செய்த தவறுகள் பின்னால் வட்டியோடு வருகின்றன. என்னைக் கேட்டால், இந்தத் துறை பற்றி ஒருவர் ஒரே ஒரு புள்ளிவிவரத்தை நினைவில் வைக்க வேண்டுமென்றால் 90, 71, 57 என்ற இந்த இறக்கத்தைத்தான் வைக்க வேண்டும்.

குக்கீ கதை

வட்டி எப்படி ஏறும் என்பதற்கு நெல்லே ஓர் உதாரணம் தந்தது. அதற்கு 'அடுமனைப் பண்டங்கள்' என்று ஒரு வகை உண்டு. ரொட்டி, கேக், பிஸ்கட் சமாச்சாரம். அமெரிக்காவில் பிஸ்கட்டுக்குக் 'குக்கீ' என்று பெயர். உலாவியில் இணையதளங்கள் வைத்துவிட்டுப் போகும் சிறு கோப்புக்கும் அதே பெயர். நெல் 'இன்டர்நெட் குக்கீஸ்' என்பதைப் பார்த்தது. குக்கீ என்று முடிகிறது, ஆகவே அடுமனைப் பண்டம் என்று பேரேட்டில் ஏற்றியது.

அங்கே நின்றிருந்தால் பரவாயில்லை. 'என் இன்டர்நெட் குக்கீஸை அழித்தேன்' என்று மக்கள் எழுதியிருந்தார்கள். ஆக, அழிக்கப்படுவது ஒரு பலகாரம். 'என் ஃபைல்களை அழித்தேன்' என்றும் எழுதியிருந்தார்கள். ஆகவே ஃபைலும் பலகாரம். இப்படி ஒவ்வொரு படியும் தர்க்கப்படி சரியாக, மொத்தமும் அபத்தமாகப் போய்க்கொண்டே இருந்தது. அந்த வகையைத் திறந்து பார்த்த மிட்செல் கண்ணில் பட்ட பிறகுதான் அதற்கு முற்றுப்புள்ளி.

முதல் ஆறு மாதங்கள் மனிதத் தலையீடு இல்லாமல் ஓடிய திட்டம், அதற்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு வகையையும் ஐந்து நிமிடம் ஓர் ஆள் புரட்டிப் பார்ப்பது என்ற ஏற்பாட்டுக்கு மாறியது. ஐந்து நிமிடம்தான், ஆனால் அதுவே பெரிய வித்தியாசத்தை உண்டாக்கியது. 2015 வாக்கில் நெல்லிடம் 8 கோடி நம்பிக்கைகள் சேர்ந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற மதிப்பெண்ணும், எதை வைத்து நம்பியது என்ற குறிப்பும் உண்டு. அந்தக் குறிப்பை மறக்க வேண்டாம். பின்னால் தேவைப்படும்.

அதிகம் பேர் சொன்னால் சரியாகிவிடுமா?

மேலே பார்த்த முறைகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் ஊகம் இருக்கிறது: பல இடங்களில் காண்பது உண்மையாக இருக்கும். பெரும்பாலும் இது சரிதான். சறுக்கும் இடங்களும் உண்டு.

கோட்டி என்று தென் அமெரிக்காவில் ஒரு விலங்கு. ரக்கூன் குடும்பம். 2008-இல் அமெரிக்க மாணவர் ஒருவர் விளையாட்டாக ஆங்கில விக்கிப்பீடியாவில் அதற்குப் 'பிரேசிலிய ஆர்ட்வார்க்' என்றும் பெயர் உண்டு என்று சேர்த்துவிட்டுப் போனார். ஆர்ட்வார்க் ஆப்பிரிக்க விலங்கு, இதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. யாரும் கவனிக்கவில்லை. வருடங்கள் போகப் போக, பிரிட்டிஷ் நாளிதழ்கள் அந்தப் பெயரை எழுதின, புத்தகங்களிலும் வந்தது. அப்புறம் என்ன ஆயிற்று என்றால், விக்கிப்பீடியாவில் அந்த வரிக்கு ஆதாரமாக அதே செய்திகளில் ஒன்றைக் காட்டும் நிலை வந்தது. எண்ணிப் பார்க்கும் இயந்திரத்துக்கு இங்கே பல சாட்சிகள். உண்மையில் சாட்சி ஒன்றே, அதுவும் பொய்ச்சாட்சி.

இன்னும் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லலாம். முதலாவது காலம்: 'ஒபாமா அமெரிக்க அதிபர்' என்ற வாக்கியம் இணையத்தில் லட்சக்கணக்கில் இருக்கிறது, அவை எழுதப்பட்டபோது சரி. இரண்டாவது சொல்லாமல் விட்டது: மனிதர்கள் மூச்சு விடுகிறார்கள், தண்ணீர் ஈரமானது என்றெல்லாம் யாரும் மெனக்கெட்டு எழுதுவதில்லை. விபத்தும் கொலையும் செய்தியாகும், கண் சிமிட்டுவது ஆகாது. உரையை மட்டும் படித்து வளரும் இயந்திரத்துக்கு உலகம் கோணலாகத்தான் தெரியும்.

கூகுள் இதையெல்லாம் மனதில் வைத்துத்தான் இறங்கியது. 2012-இல் 50 கோடிப் பொருள்களும் 350 கோடித் தகவல்களும் கொண்ட பேரேட்டைத் தேடலுக்குப் பின்னால் வைத்தது. 2014-இல் அதன் ஆய்வாளர்கள் இணையத்தைத் தானாகப் படித்து 160 கோடித் தகவல்களைத் திரட்டியதாக அறிவித்தார்கள். அதில் 90 சதவீதத்துக்கு மேல் நம்பத்தக்கவை 27.1 கோடி. அதாவது ஆறில் ஒன்று. மிச்சம் ஐந்தை எடுத்துக்கொண்டு ஓடாமல், நம்பிக்கை மதிப்பெண்ணோடு தனியே நிறுத்தி வைத்தார்கள் என்பதுதான் அங்கே கவனிக்க வேண்டியது.

பேரேடு இல்லாத கணக்குப்பிள்ளை

இப்போது நாம் பேச்சுக் கொடுக்கும் சாட்பாட்கள் வேறு வம்சம். அவற்றின் அடியில் இருக்கும் பெரிய மொழி மாதிரிகளிடம் (ஆங்கிலத்தில் 'லாங்குவேஜ் மாடல்') பேரேடு கிடையாது. அவற்றுக்குக் கொடுக்கும் அடிப்படைப் பயிற்சி, அடுத்த சொல் என்னவாக இருக்கும் என்று ஊகிப்பது. 'பிரான்ஸின் தலைநகர்' என்று தொடங்கினால் 'பாரிஸ்' என்று முடிக்கத் தெரிந்தால்தான் மதிப்பெண். தவறினால் உள்ளே இருக்கும் எண்கள் கொஞ்சம் திருகப்படும். 2020-இல் வந்த ஜிபிடி-3 என்ற மொழி மாதிரியில் அப்படிப்பட்ட எண்கள் 17,500 கோடி. அதில் பாரிஸ் எந்த எண்ணில் இருக்கிறது என்று கேட்டால் விரல் வைத்துக் காட்ட முடியாது. காபியில் கரைத்த சர்க்கரை மாதிரி கலந்து கிடக்கிறது.

நெல் போன்றவற்றைவிட இவை படிப்பதில் பல மடங்கு கெட்டிக்காரத்தனம் கொண்டவை. எந்தக் குக்கீ என்று இடம் பார்த்துப் புரிந்துகொள்ளும். ஆனால் பேரேடு போனதோடு சில வசதிகளும் போய்விட்டன.

1. ரசீது இல்லை, அதாவது எதை வைத்து நம்பியது என்று நெல் வைத்திருந்த குறிப்பு இங்கே கிடையாது. எங்கே படித்தாய் என்று கேட்டால், மாதிரி நினைவிலிருந்து சொல்லும் மூலமும் இன்னோர் ஊகம்தான்.
2. காலிக் கட்டம் இல்லை. பேரேட்டில் பிறந்த ஊர் தெரியாவிட்டால் இடம் வெற்றாக இருக்கும், தெரியவில்லை என்று பார்த்தாலே தெரியும். மொழி மாதிரியிடம் அடுத்த சொல் என்று ஏதாவது ஒன்று எப்போதும் இருக்கும். தன்னம்பிக்கையோடு தப்புச் சொல்வதன் வேர் பெரும்பாலும் இங்கே.
3. ஒருவழிப் பாதை. நடிகர் டாம் குரூஸின் அம்மா யார் என்று பிரபலங்களை வைத்துக் கேட்கும் வகைக் கேள்விகளுக்கு ஜிபிடி-4 நூற்றில் 79 தடவை சரியாகச் சொன்னது. அந்த அம்மாவின் பெயரைச் சொல்லி மகன் யார் என்று திருப்பிக் கேட்கும் வகையில் 33 தடவைதான். 2023-இல் வந்த ஆய்வு இது. பேரேட்டில் இரண்டும் ஒரே வரி, எந்தப் பக்கமிருந்தும் படிக்கலாம்.
4. 'இல்லை' என்பதில் தடுமாற்றம். 2020-இல் அன்றைய மாதிரிகளிடம் "பறவையால் ___ முடியும்" என்ற பொருளிலும் "பறவையால் ___ முடியாது" என்ற பொருளிலும் ஆங்கிலத்தில் கேட்டார்கள். இரண்டுக்கும் 'பறக்க' என்றே நிரப்பின. இன்றைய மாதிரிகள் இதில் எவ்வளவோ தேறிவிட்டன.

ரசீதைத் திரும்பக் கொண்டுவர 2020-லிருந்து ஒரு வழி பரவியது. கேள்வி வந்ததும் முதலில் தேடு, கிடைத்த பக்கங்களை மாதிரியின் முன்னால் வை, அவற்றைப் பார்த்து எழுதச் சொல். பரீட்சையில் புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதுவது போல. பழைய தகவல் சிக்கல் குறைந்தது, இணைப்பைத் தட்டிச் சரிபார்க்கவும் முடிகிறது.

பீட்சாப் பசை நடந்தது இந்த ஏற்பாட்டுக்குள்தான். தேடல் ஒரு பக்கத்தைக் கொண்டுவந்தது, மாதிரி அதை ஒழுங்காகச் சுருக்கியது. எழுதியவர் கிண்டல் செய்கிறார் என்று சொல்ல நடுவில் யாரும் இல்லை. 'உணவின் சேர்மானம் உணவாகவே இருக்க வேண்டும்' என்று நெல்லில் இருந்தது போல ஒரு பூட்டு இருந்திருந்தால் அங்கேயே நின்றிருக்கலாம். ஆனால் அதே பூட்டுகளை வைத்துக்கொண்டுதான் நெல் ஃபைலைப் பலகாரத்தில் சேர்த்தது என்பதையும் மறைக்கக் கூடாது.

தவறைத் திருத்துவது எங்கே?

நெல்லின் குக்கீயைத் திருத்துவது சுலபம். அந்த வகையைத் திற, வரியைக் கண்டுபிடி, அடி. மொழி மாதிரியில் எதை அடிப்பது? பசை விவகாரத்துக்குப் பிறகு கூகுள் செய்த திருத்தங்களும் பெரும்பாலும் வாசலில்தான்: நையாண்டிப் பக்கங்களைக் குறைத்தது, தவறான ஆலோசனைக்கு இடம் தரக்கூடிய இடங்களில் பயனர்கள் எழுதியதை எடுப்பதைக் கட்டுப்படுத்தியது.

உள்ளேயே கை வைத்துப் பார்த்தவர்களும் உண்டு. 2022-இல் அமெரிக்காவின் எம்ஐடியையும் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள், ஒரு தகவல் மாதிரிக்குள் எந்த அடுக்குகள் வழியாக வெளிவருகிறது என்று தடம் பார்த்து, அங்கிருக்கும் எண்களை மட்டும் மாற்றினார்கள். ஈஃபில் கோபுரம் ரோம் நகரில் இருக்கிறது என்று ஒரு மாதிரியை நம்ப வைத்தார்கள். வேறு சொற்களில் கேட்டாலும் அது ரோம் என்றே பேசியது.

அடுத்த வருடமே வேறு ஆய்வாளர்கள் இந்த வகைத் திருத்தங்களைக் குடைந்து பார்த்தார்கள். திருத்திய வரி மாறுகிறது, அதோடு பிணைந்த வரிகள் பல சமயம் பழையபடியே நிற்கின்றன. கோபுரத்தை ரோமுக்குக் கொண்டுபோனால் அது இத்தாலியில் இருக்கிறது, பக்கத்தில் ஓடும் ஆறு சேன் இல்லை, பேச வேண்டிய மொழி பிரெஞ்சு இல்லை என்று ஒரு பள்ளிப் பிள்ளை தானாகச் சொல்லிவிடும். மாதிரிக்கு அவை ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திருத்த வேண்டியிருக்கிறது.